கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்வந்த உறவினர்களின் கைபேசியில் அந்தக் காணொளி கட்டாயம் இருக்கும். நீலத் தண்ணீர், தலைக்கு மேலே மிதந்து போகும் திருக்கை, பல்லைக் காட்டிக்கொண்டு வரும் சுறா, அதன் பக்கத்தில் கறுப்பு உடையில் ஒரு டைவர். அவர் கையசைப்பார், இந்தப் பக்கம் குழந்தைகள் கத்துவார்கள், அதோடு காணொளி முடிந்துவிடும். கையசைத்தவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று யாரும் படம் பிடித்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் அவர் திரும்பிப் போய்ப் பாறையில் படிந்த பாசியைத் தேய்த்திருப்பார்.

மீன் காட்சியகங்களுக்குள் நடக்கும் ஸ்கூபா டைவிங்கை நாம் சாகசமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். சுறாவோடு நீந்தலாம் என்ற விளம்பரமும், கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் தண்ணீருக்குள் இறங்குபவரின் புகைப்படமும், சீனப் புத்தாண்டுக்கு நீருக்கடியில் ஆடும் டிராகனும் அந்த எண்ணத்தையே வளர்க்கின்றன. ஆனால் ஒரு பெரிய தொட்டியில் மனிதர்கள் தண்ணீருக்குள் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி துடைப்பதிலும் பொறுக்குவதிலும் ஊட்டுவதிலும் எண்ணுவதிலும் போகிறது. கடலின் ஒரு துண்டை வெட்டியெடுத்து ஊருக்குள் வைத்துவிட்டோம். அது அழுகாமல் இருக்க யாராவது தினமும் உள்ளே இறங்கியாக வேண்டும். அப்படி இறங்குபவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாசியும் அக்ரிலிக்கும்

வெளிச்சமும் மீன்கழிவும் உள்ள தண்ணீரில் பாசி வளர்வதை எவராலும் தடுக்க முடியாது. மீன் உண்டு கழிப்பதிலிருந்து வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு உரம். சில நாள்கள் விட்டுவிட்டால் பார்வைச் சுவரில் பச்சைப் படலம் படியும். இன்னும் விட்டால் உள்ளே இருப்பது தெரியாது. சோப்போ ரசாயனமோ போட முடியாது, தண்ணீரில் உயிர்கள் இருக்கின்றன. ஆகவே கையும் மென்மையான பட்டையும்தான் கருவி. பல காட்சியகங்களில் கதவு திறப்பதற்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிடுகிறது.

நாம் கண்ணாடி என்று சொல்லும் அந்தச் சுவர் பெரிய தொட்டிகளில் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். கண்ணாடியின் எடையில் ஏறத்தாழ பாதிதான் இருக்கும், ஒளியை நன்றாகக் கடத்தும். பல பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி எவ்வளவு தடிமனாகவும் செய்யலாம். ஜப்பானின் தகமாட்சு நகரத்து நிப்புரா நிறுவனம் 1970-ல் அந்த ஊரின் யாஷிமா காட்சியகத்துக்கு அக்ரிலிக் பலகைகளைப் பொருத்தியதிலிருந்து இந்தத் துறையின் அளவே மாறியது. 2002-ல் திறக்கப்பட்ட ஒகினாவா சுராவுமி காட்சியகத்தின் பெரிய தொட்டிக்கு அதே நிறுவனம் செய்த சுவர் 8.2 மீட்டர் உயரம், 22.5 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் தடிமன்.

அக்ரிலிக்கின் குறை ஒன்றுதான், எளிதில் கீறல் விழும். டைவரின் இடுப்புப்பட்டைக் கொக்கி, சிலிண்டர் வால்வு, ஏன், தேய்க்கும் பட்டையில் மாட்டிக்கொண்ட ஒரு மணல்துணுக்குகூடப் போதும். விழுந்த கீறலைத் தண்ணீருக்குள்ளேயே உப்புத்தாள் போட்டு மெருகேற்றி எடுக்கலாம். மணிக்கணக்கில் பொறுமையாகத் தேய்க்க வேண்டிய வேலை அது. சுவரைத் துடைப்பவர் உடம்பின் ஒவ்வொரு அசைவையும் கணக்குப் போட்டுத்தான் நகர்கிறார். கடலில் நன்றாக நீந்தத் தெரிந்தவர் தொட்டியில் தடுமாறுவது இதனால்தான். கடலில் இடம் இருக்கிறது. இங்கே முன்னால் சுவர், பின்னால் பாறை, நடுவில் தன் பாட்டுக்குப் போய்வரும் சுறா.

அந்தச் சுவரை நம்பித்தான் எல்லாமே நிற்கிறது என்பதை பெர்லின் 2022-ல் காட்டியது. அங்கே ஒரு ஹோட்டல் கூடத்தின் நடுவே நின்ற அக்வாடோம் என்ற உருளைத் தொட்டியில் 10 லட்சம் லிட்டர் உப்புநீரும் சுமார் 1,500 மீன்களும் இருந்தன. டிசம்பர் 16 அதிகாலையில் அது வெடித்தது. கூடத்தில் ஆட்கள் நடமாடும் நேரமாக இல்லாததால் மனித உயிர் தப்பியது, இரண்டு பேருக்குக் காயம். பெரிய தொட்டியின் மீன்கள் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போயின. வல்லுநர்கள் ஆராய்ந்தும் ஒற்றைக் காரணம் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் புதுப்பிக்கப்பட்ட தொட்டி அது.

சுவருக்கு அடுத்தது தரை. சரளையில் சிக்கிய கழிவை உறிஞ்சுகுழாய் வைத்து இழுக்க வேண்டும். ஃபைபரில் செய்த போலிப் பவளங்களின் ஒவ்வொரு இடுக்கையும் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். தரையில் நின்று அழுத்தித் தேய்ப்பதற்காக இந்த டைவர்கள் வழக்கத்தைவிடக் கூடுதல் ஈயக்கட்டிகளைக் கட்டிக்கொள்வார்கள். சுறாக்கள் வாழ்நாள் முழுவதும் பல் உதிர்ப்பவை. அந்தப் பற்களையும் பொறுக்கி எடுக்கிறார்கள்.

ஆழமில்லாத தண்ணீரின் ஆபத்து

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். நம் செய்திகளில் டைவரின் முதுகில் இருப்பதை ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று எழுதிவிடுகிறோம். அதில் இருப்பது நாம் சுவாசிக்கிற அதே சாதாரணக் காற்று, அழுத்தி அடைத்தது. சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆறேழு மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். சில காட்சியகங்களில் சிலிண்டரே கிடையாது. மேலே இருக்கும் கருவியிலிருந்து நீண்ட குழாய் வழியாகக் காற்று வரும், மணிக்கணக்கில் வேலை செய்ய அது வசதி.

தொட்டி ஆழம் குறைவு, அதனால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். பெரும்பாலான காட்சியகத் தொட்டிகள் அதற்குள் அடங்கிவிடுவதால், ஆழ்கடல் டைவர்களுக்கு வரும் நைட்ரஜன் குமிழி நோய் இவர்களை எளிதில் அண்டாது. ஆனால் அழுத்தம் விகிதக் கணக்கில் மிக வேகமாக மாறுவது முதல் சில மீட்டரில்தான். ஒரே வேலைநாளில் பல தடவை இறங்கி ஏறுபவரின் செவிப்பறை அதைத் தாங்க வேண்டும். காதுவலியும் சைனஸ் வலியும் இந்தத் தொழிலின் நிரந்தரக் கூட்டாளிகள். அழுத்திய காற்றை உள்ளே இழுத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், ஓரிரு மீட்டர் உயர்வே நுரையீரலைக் கிழிக்கப் போதும். நீச்சல்குளம் போன்ற ஆழம்தானே என்று அலட்சியம் காட்டக்கூடாதது இதனால்தான்.

கையில் சிறு காயத்தோடு இறங்கினால் மைகோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி தோலுக்குள் புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும். மீன்தொட்டியில் கைவிடுபவர்களுக்கு வரும் நோய் என்றே மருத்துவத்தில் அதற்குப் பெயர். எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு. ஒரு தொட்டியின் நோயை இன்னொரு தொட்டிக்கு டைவரின் உடையே கொண்டுபோய்விடும். ஆகவே இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் உடையும் கருவியும் கழுவப்படுகின்றன. விருந்தினராக இறங்குபவரைச் சொந்தக் கருவியோடு பல இடங்களில் அனுமதிக்காததன் காரணமும் இதுதான்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகத் தண்ணீரில் ஒலி பாய்கிறது. இரண்டு காதுகளுக்கும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வந்து சேர்வதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று டைவரால் பிரித்தறிய முடியாது. வெளியிலிருந்து குழந்தை சுவரைத் தட்டுவது உள்ளே எங்கிருந்தோ வரும் மொத்தொலியாகக் கேட்கும். மீனுக்கோ காது மட்டுமல்ல, உடம்பின் இரு பக்கமும் நீளும் உணர்கோடே அதிர்வை வாங்குகிறது. தட்டாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. பலகைக்கு நேர் எதிரே நின்று குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டச் சொல்லும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மான்டரேயின் காடு

இந்த வேலையின் உச்சம் எங்கே என்று கேட்டால், கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா காட்சியகத்தைத்தான் சொல்வேன். ஒரு காலத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைத்து உலகத்துக்கு அனுப்பிய தெரு அது. மீன் தீர்ந்தது, ஆலைகள் மூடின. அப்படி மூடப்பட்ட ஹோவ்டன் ஆலை இருந்த இடத்தில் 1984 அக்டோபரில் காட்சியகம் திறக்கப்பட்டது. ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தின் டேவிட் பேக்கார்டும் அவர் மனைவி லூசீலும் பணம் கொடுத்தார்கள், மகள் ஜூலி பேக்கார்ட் பல பத்தாண்டுகள் அதை நடத்தினார்.

அங்கே மையமாக இருப்பது சுறா அல்ல, காடு. கெல்ப் என்ற ராட்சதக் கடற்பாசி, கடலடியில் பாறையைப் பற்றிக்கொண்டு மரம்போல் மேலே வளர்வது. உகந்த நிலையில் காட்டுக் கெல்ப் ஒரே நாளில் அரை மீட்டர்வரை நீளும். அதைத் தொட்டிக்குள் உயிரோடு வளர்த்துக்காட்டிய முதல் காட்சியகம் மான்டரே. 8.5 மீட்டர் உயரத் தொட்டி, சுமார் 13 லட்சம் லிட்டர் தண்ணீர், மேலே கூரை கிடையாது. வெயில் நேராக உள்ளே இறங்க வேண்டும். அது மட்டும் போதாது. கெல்ப்புக்கு வேர் மூலம் உணவு ஏறுவதில்லை, இலை முழுவதும் தண்ணீரிலிருந்தே சத்தை வாங்குகிறது. தண்ணீர் ஆடாமல் நின்றால் அது பட்டினி. அதற்காகச் சில விநாடிகளுக்கு ஒரு முறை தண்ணீரைத் தள்ளும் அலை இயந்திரம் வைத்தார்கள், அதன் வடிவமைப்பில் பொறியாளரான டேவிட் பேக்கார்ட் தானே இறங்கி வேலை செய்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த ஏற்பாடு. பகலில் பார்வையாளர்களுக்காகக் கடல்நீரை வடிகட்டி விடுகிறார்கள். இரவில் வடிகட்டாத கடல்நீரை அப்படியே பாய்ச்சுகிறார்கள். அதில் பாசி வித்துகள் வரும், சிப்பி, கடற்சாமந்தி, கடற்பஞ்சு ஆகியவற்றின் குஞ்சுகள் வரும். யாரும் கொண்டுவந்து வைக்காத உயிர்கள் பாறையில் தாமே ஒட்டி வளரும். அப்படியானால் டைவரின் வேலை மாறிவிடுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது, எந்தத் தண்டு அடுத்ததன் வெயிலை மறைக்கிறது, எதைக் கத்தரிப்பது என்று முடிவெடுக்கும் தோட்டக்காரர் ஆகிவிடுகிறார் அவர். மற்ற இடங்களில் தேய்த்துத் தள்ளுவதே வேலை. இங்கே தேய்ப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் குளிர்ந்தது. பசிபிக்கின் அந்தக் கரையில் வெப்பநிலை 10 முதல் 15 டிகிரி செல்சியஸ்தான், உள்ளே நீர் புகாத உடை இல்லாமல் நெடுநேரம் நிற்க முடியாது. அப்படி இறங்குபவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பாசி தேய்க்கவும் கெல்ப் கத்தரிக்கவும் வாரந்தோறும் மனமுவந்து வந்து குளிரில் இறங்குகிறார்கள். மீனுக்கு உணவூட்டும் காட்சியின்போது முகம் முழுவதும் மூடும் முகமூடிக்குள் ஒலிவாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே இருந்தபடியே பார்வையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார் டைவர். உள்ளே இருப்பவர் பேசுகிறார், வெளியே இருப்பவர் கேட்கிறார். காட்சியாக மட்டும் இருந்தவர் ஆசிரியராக மாறுகிறார். மற்ற காட்சியகங்கள் மான்டரேயிடமிருந்து கற்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

சுறா ஏன் கடிப்பதில்லை

எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில் எளிது: பசியில்லை, பழக்கமில்லை, டைவர் இரையைப்போல் இல்லை. பெரிய தொட்டிகளில் அதிகம் காணப்படும் மணற்புலிச் சுறா வாயைத் திறந்தபடியே நீந்துவதால் பயமுறுத்தும் தோற்றம் கொண்டது, ஆனால் மெதுவாக நகரும் சாதுவான மீன். சுறாக்களுக்குப் பயிற்சியும் உண்டு. குறிப்பிட்ட வடிவமோ நிறமோ கொண்ட பலகை தண்ணீரில் தோன்றினால் அந்த இடத்துக்கு வந்தால்தான் சாப்பாடு என்று கற்றுக்கொடுக்கிறார்கள். எந்தச் சுறா எவ்வளவு தின்றது என்பது அன்றாடம் குறிப்பேட்டில் ஏறும். சாப்பாட்டைத் தவிர்ப்பதுதான் நோயின் முதல் அறிகுறி. உணவூட்டும்போது ஒருவர் கொடுக்க, இன்னொருவர் கையில் கம்போடு அவர் முதுகைக் காப்பது வழக்கம்.

டைவர்கள் அதிகம் எச்சரிக்கையாக இருப்பது முட்டையைக் காக்கும் கிளாத்தி மீனிடம். டைட்டன் கிளாத்தி தன் கூட்டுக்கு மேலே கூம்புபோல் விரியும் எல்லையைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, உள்ளே வருபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பாய்ந்து கடிக்கும்.

மீன்கள் தங்களை அடையாளம் கண்டுகொள்கின்றன என்று டைவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். மத்தியதரைக் கடலில் நடந்து 2025-ல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. தங்களுக்கு உணவு கொடுத்த டைவரைக் கடல் மீன்கள் தேடிப் பின்தொடர்ந்தன, கொடுக்காதவரை விட்டுவிட்டன. இருவரும் ஒரே மாதிரி உடை அணிந்தபோது மட்டும் குழம்பின. உடையின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே ஆளைப் பிரித்தறிகின்றன என்று தெரிந்தது.

திமிங்கலச் சுறாவின் கேள்வி

2005-ல் திறக்கப்பட்ட அட்லாண்டா ஜார்ஜியா காட்சியகம் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் உப்புக் கலந்தே அங்கே கடல் உண்டாக்கப்பட்டது. அதன் பெரிய தொட்டியின் கொள்ளளவு சுமார் 2.4 கோடி லிட்டர். தைவானில் மீன்பிடி ஒதுக்கீட்டில் கொல்லப்பட்டிருக்கக்கூடிய திமிங்கலச் சுறாக்களை விமானத்தில் கொண்டுவந்தார்கள். ரால்ஃப், நார்ட்டன் என்ற இரண்டும் 2007-ல் அடுத்தடுத்து இறந்தன. ஒட்டுண்ணிகளை ஒழிக்கத் தொட்டியில் கலந்த மருந்துக்குப் பிறகு அவற்றின் பசி குறைந்ததாகக் காட்சியகமே தெரிவித்தது, அந்த மருந்தும் நிறுத்தப்பட்டது.

இந்தச் சம்பவத்தை எழுதக் காரணம் உண்டு. கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலையும் உயிரை எவ்வளவு பெரிய தொட்டியில் வைத்தாலும் அது சிறியதுதான் என்றே நான் நினைக்கிறேன். அதே சமயம் அந்தத் தொட்டிகளில் டைவர்கள் கற்றதை ஒதுக்கித்தள்ளவும் முடியவில்லை. சுராவுமியின் ஜின்டா என்ற ஆண் திமிங்கலச் சுறா, அந்தக் காட்சியகம் திறக்கப்படுவதற்கு முன்பே, 1995-லேயே மனிதர் பராமரிப்புக்கு வந்தது. அந்தக் காட்சியகத்து ஆட்கள், நீந்திக்கொண்டிருக்கும் சுறாவின் பக்கத்தில் நீந்தியபடியே அதன் வயிற்றை அல்ட்ராசவுண்ட் எடுக்கவும் துடுப்பிலிருந்து ரத்தம் எடுக்கவும் தொட்டியில் பழகினார்கள். அந்தக் கைப்பழக்கத்தோடு 2017, 2018 ஆண்டுகளில் கலாபகஸ் தீவுகளின் திறந்த கடலில் இறங்கி, சுதந்திரமாகத் திரியும் பெண் சுறாக்களைப் பரிசோதித்தார்கள். வயிறு பருத்திருப்பதாலேயே அவை கருவுற்றவை என்று அதுவரை நம்பப்பட்டது. அப்படி முடிவுகட்ட முடியாது என்று அந்தப் பரிசோதனை காட்டியது. இந்தியா 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துக் காப்பாற்றும் மீன் இது. அது எங்கே குட்டி போடுகிறது என்பது இன்னும் விடுபடாத புதிர்.

இன்னொரு உதாரணம் இதைவிடத் தெளிவானது. வரிக்குதிரைச் சுறா அழியும் நிலையில் இருக்கிறது. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் கடலில் பல ஆண்டுகளின் ஆயிரக்கணக்கான மணிநேர முக்குளிப்பில் விரல்விட்டு எண்ணும் அளவே தென்பட்டது. காட்சியகங்களிலோ அது செழிப்பாக முட்டையிடுகிறது. சிட்னி காட்சியகத்தின் முட்டைகள் விமானத்தில் ராஜா அம்பாட்டுக்கு அனுப்பப்பட்டு, அங்கே பொரிந்த குட்டிகளை உள்ளூர் இளைஞர்கள் நத்தையும் சிப்பியும் கொடுத்து வளர்த்தார்கள். 2023 ஜனவரியில் முதல் குட்டிகள் கடலுக்குள் விடப்பட்டன. தொட்டியிலிருந்து கடலுக்கு ஒரு வழி திறந்தது.

விருந்தினராக இறங்குவது

பணம் கட்டி உள்ளே இறங்கும் வசதி இன்று உலகின் பல காட்சியகங்களில் உண்டு. துபாய் மாலில் இருக்கும் 1 கோடி லிட்டர் தொட்டியில் டைவிங் சான்றிதழ் இல்லாதவர்களும் பயிற்றுநரோடு இறங்கலாம். அட்லாண்டாவில் போரில் காயமடைந்த முன்னாள் ராணுவத்தினருக்குத் தனித் திட்டம் இருக்கிறது. சக்கர நாற்காலியை விட்டு இறங்கியவர் எடையில்லாமல் மிதக்கும் அந்த அரைமணியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அலையும் நீரோட்டமும் இல்லை, ஆழம் தெரியும், உதவிக்கு ஆள் உண்டு. கடலில் இறங்கவே முடியாத பலருக்கு இதுதான் ஒரே வாசல்.

நம் சென்னையின் காட்சியகக் கதையும் நீளமானது. மெரினாவில் 1909-லேயே மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது, இரண்டாம் உலகப்போர் அதை மூடியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் 2019-ல் வந்த விஜிபி மரைன் கிங்டம் இன்று குழந்தைகளுக்குச் சுரங்க வழியின் மேலே திருக்கையைக் காட்டுகிறது. இப்படிப்பட்ட இடங்கள் இங்கேயும் பெருகும், உள்ளே இறங்கும் அழைப்புகளும் வரும்.

வரும்போது, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை விருந்தினர்களை இறக்குகிறீர்கள், மீன்கள் ஒதுங்கி ஓய்வெடுக்க ஆள் வராத மூலை இருக்கிறதா, தொட அனுமதி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அங்கே இறங்க வேண்டாம். மீனின் மேலிருக்கும் வழவழப்பான படலம்தான் அதன் நோய்த்தடுப்பு, நம் விரல் அதை உரித்துவிடும். கூட வரும் டைவர் காலையில் என்ன வேலை செய்தார் என்றும் விசாரியுங்கள். அவர் அந்தத் தொட்டியைத் துடைப்பவராகவோ ஊட்டுபவராகவோ இருந்தால், எந்த மீன் எந்தப் பாறைக்கு உரியது, எதன் பக்கம் போகக்கூடாது என்பதை அவரே காட்டிக்கொடுப்பார். அவரைப் பின்தொடர்ந்து போங்கள்.